பண்ணாரி பெயரைச் சொல்லி

கோபிச்செட்டிபாளையம்
ஞாயிறு, மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். "ஏம்மா, 32 வருஷ சர்வீஸில் உனக்கு யாருமே கவர் நீட்டலையா?" குக்கர் விசில் அடிக்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் குக்கரே வைக்கவில்லை, இரவுக்கு உப்புமாதான். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ படிக்கிற இடம் என்று அனுப்பிய படங்களை அப்பா டிவியில் போட்டுப் பெரிதாகப் பார்த்தார். "லஞ்சம் வாங்காதேன்னு சொல்லிக்கொடுக்க அரண்மனையா?" என்று கிண்டல் வேறு. ஆஸ்திரியாவில் நீ இருக்கிற லக்ஸன்பர்க், அந்த நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் ராஜ குடும்பம் கோடைக்கு வந்து தங்கிய ஊர் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். உங்கள் சர்வதேச ஊழல் தடுப்பு அகாடமி 2011 மார்ச் 8 அன்று முறைப்படி ஒரு சர்வதேச அமைப்பானது என்பதை அவர்தான் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். மகளிர் தினம்! அதிலிருந்து எனக்கு அந்த இடத்தின் மேல் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது.

ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். பழைய ஆபீஸ் புத்தி போகுமா? 13ஆவது பிரிவில் பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டத்திலேயே இதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 60ஆவது பிரிவு முழுக்கப் பயிற்சி பற்றியது. தெரிந்த நாடு தெரியாத நாட்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது. 190க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. இந்தியா 2005இல் கையெழுத்துப் போட்டு, 2011 மே மாதம்தான் ஏற்றிருக்கிறது. அதற்கு முந்தின மாதம்தான் டெல்லியில் ஊழலை எதிர்த்து அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது காலேஜிலிருந்து மெழுகுவர்த்தியோடு ஊர்வலம் போனாய். நான் இருமல் வரும் என்று மப்ளரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

ஐ.நா. பொதுச்சபை அந்த உடன்படிக்கையை ஏற்ற நாள் 2003 அக்டோபர் 31. படேல் பிறந்த நாளும் அதுதான். அந்த நாள் வருகிற வாரத்தில்தான் நம் நாட்டில் லஞ்ச ஒழிப்பு விழிப்புணர்வு வாரம் நடத்தி உறுதிமொழி எடுப்பார்கள். இரண்டும் தற்செயலாகப் பொருந்தியதுதான், ஆனாலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நானும் எழுந்து நின்று கை நீட்டி உறுதிமொழி படித்தவள்தான். என் பக்கத்தில் நின்று கணீரென்று படித்தவர்களில் ஒருவர், படித்து முடித்த கையோடு வெளியே காத்திருந்த ஆளைப் பார்க்கப் போனதையும் பார்த்தவள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

1986இல் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லா இளநிலை உதவியாளர்களையும் போலப் பவானிசாகரில் அரசு ஊழியர் பயிற்சிக்குப் போனேன். நம் ஊருக்குப் பக்கம் என்பதால் என் அப்பா, உன் அப்பிச்சி, வாரா வாரம் முறுக்கும் எள்ளுருண்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். மாவட்ட அலுவலக நடைமுறை நூல், நடத்தை விதிகள் எல்லாம் எனக்குத் தலைகீழாகப் பாடம். யார் எழுப்பிக் கேட்டாலும் விதி எண்ணோடு சொல்வேன்.

அப்புறம் ஒரு ஆபீஸில் போட்டார்கள். எது என்று வேண்டாம். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிரிவில் மூத்தவர் ஒருவர் ஒவ்வொரு மேசையாக வந்தார். என் மேசையில் ஒரு பழுப்புக் கவரை வைத்து, "இந்தாங்கம்மிணி, இது உங்களுது. எல்லாருக்கும் உண்டானதுதான்" என்றார். மிரட்டல் இல்லை, கண் சிமிட்டல் இல்லை. கோயில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி அவ்வளவு அன்பாகக் கொடுத்தார். அவர் மனைவிதான் எனக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர்.

எனக்கு விதி எண் ஞாபகம் வந்தது. வாயில் ஒன்றும் வரவில்லை. "இது தப்புங்க" என்று சொன்னால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் திருடர் என்று சொன்னதாகிவிடும். 23 வயசு எனக்கு. நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், பண்ணாரிக்கு வேண்டியிருக்கேன். அடுத்தவங்க காசைத் தொடறதில்லைன்னு."

அவர் கவரைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பண்ணாரியம்மனிடம் யார் வம்பு வைத்துக்கொள்வார்கள்? அதற்குப் பிறகு யாரும் என்னிடம் நீட்டவில்லை. இடம் மாறிப் போனாலும் நான் போவதற்கு முன்னாலேயே செய்தி போய்விடும். "அந்தம்மாவுக்கு வேண்டுதல் இருக்குதுங்க."

அப்படி ஒரு வேண்டுதலே கிடையாது, பாப்பா. பொய். நீயும் சின்ன வயசில் நம்பினாய். பங்குனியில் குண்டம் பார்க்கப் போகும்போதெல்லாம் "அம்மா, உன் வேண்டுதல் எப்போம்மா முடியும்?" என்று கேட்பாய். சில வருஷம் கழித்து எனக்கே பயம் வந்து, நிஜமாகவே போய் வேண்டிக்கொண்டு வந்தேன். அது வேறு கதை.

பொய் சொன்னது எனக்கு உறுத்தவில்லை. உறுத்துவது இன்னொன்று. ஒரு பெரியவர், நிலப் பாகப்பிரிவினைக் காகிதத்துக்காக ஆறேழு தடவை நடந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார். அவர் கடைசியில் கொடுத்த பணமும் வெள்ளிக்கிழமைக் கவருக்குள்தான் போயிற்று என்று எனக்குத் தெரியும். நான் தொடவில்லை. வாயும் திறக்கவில்லை. என் கை சுத்தமாக இருந்ததால் அந்தப் பெரியவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை.

அதனால்தான் நீ அனுப்பிய பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று குறைகிறது. சட்டம் இருக்கிறது, பொருளாதாரம் இருக்கிறது, நாடு விட்டு நாடு போன பணத்தை மீட்கிற வழி இருக்கிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், தனக்கு நல்லது செய்த ஒரு மனுஷர் கவரை நீட்டும்போது வாயைத் திறந்து என்ன சொல்வது என்பதை யாராவது ஒத்திகை பார்க்க வைக்கிறார்களா? நாடகத்துக்கு வசனம் சொல்லிப் பார்க்கிற மாதிரி, எழுந்து நின்று, சத்தமாக? நாளைக்கு நீ பயிற்சி கொடுக்கிற இடத்துக்குப் போனால் முதல் மணி நேரம் அதைச் செய்.

பிடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு நாள் என்னை அரசு சாட்சியாக அழைத்தார்கள். லஞ்ச ஒழிப்புத் துறை ஆளைப் பிடிக்கும்போது வேறு துறை ஊழியர்களைச் சாட்சியாக வைத்துக்கொள்வது வழக்கம். ரூபாய் நோட்டில் வெள்ளையாக ஒரு பொடியைத் தடவினார்கள், பினாப்தலின். நோட்டு எண்களையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் அந்த நோட்டைத் தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் விட்டுக் காட்டினார். தண்ணீர் மாதிரி இருந்தது ரோஸ் கலராக மாறியது. பள்ளிக்கூடத்து லேபில் நிற்கிற மாதிரி நான் வாயைப் பிளந்து பார்த்தேன். சாயங்காலம் நிஜமாகவே ஒரு மனுஷனின் கையை அதில் விடச் சொன்னார்கள். அதே ரோஸ். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. கரைசலைப் பாட்டிலில் ஊற்றி அரக்கு வைக்கும் வரை அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் கழித்துக் கோர்ட்டுக்கு வரச்சொல்லி சம்மன் வந்தது. புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியாகிவிட்டார். நான் பார்த்ததைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பிடிப்பது வேண்டும். ஆனால் அந்த ஆள் முதல் கவரை வாங்கியபோது அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்றுதான் எனக்கு அன்றைக்கும் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

ஹாங்காங் கோட்பர் கதையை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். சாப்பாட்டை ஆறவிட்டுக் கேட்டார். போலீஸில் பெரிய அதிகாரி, 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து. விசாரணை வந்ததும் 1973இல் விமான நிலையப் போலீஸ் பாஸைக் காட்டி உள்ளே போய்ப் பிளேன் ஏறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கணக்கில் வராத சொத்து வைத்திருப்பது ஹாங்காங்கில் குற்றம், இங்கிலாந்தில் அப்படி ஒரு குற்றமே இல்லை, அதனால் உடனே திருப்பி அனுப்ப முடியவில்லை. "ரெண்டும் ஒரே ராணி ஆண்ட ஊர்தானே!" என்றார் அப்பா. அதுதான் விஷயம். ஒரு ஊரில் குற்றமாக இருப்பது பக்கத்து ஊரிலும் குற்றமாக இருந்தால்தானே ஆளைப் பிடிக்க முடியும்? அரண்மனை எதற்கு என்று கேட்டவருக்கு இதற்குப் பிறகு கேள்வி இல்லை. லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் கிடைத்து, 1975இல் கோட்பரைக் கொண்டுவந்து 4 வருஷம் உள்ளே போட்டார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது, 1974இல் அங்கே ஆரம்பித்த ஊழல் தடுப்பு ஆணையத்தை மூன்று கையாக அமைத்தது. ஒரு கை பிடிக்க, ஒரு கை ஆபீஸ் நடைமுறையில் ஓட்டை அடைக்க, மூன்றாவது கை ஜனங்களிடம் போய்ப் பேச. ஆரம்பத்தில் வந்த புகார்களில் பெரும்பாலானவை மொட்டைக் கடிதமாம். போகப் போக ஜனங்கள் தங்கள் பெயரைப் போட்டே எழுத ஆரம்பித்தார்களாம். மொட்டைப் பெட்டிஷன்களைப் பிரித்துப் பிரித்துக் கை வலித்தவள் நான். கீழே ஒருவர் தன் பெயரைப் போடுகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று எனக்குத் தெரியும்.

உன் வகுப்பில் கென்யாக்காரர் லஞ்சத்துக்கு அவர் ஊரில் 'சாய்', அதாவது டீ, என்று பெயர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்து ரொம்ப நேரம் சிரித்தேன். நம் 'டீ செலவு' கடல் தாண்டிப் போயிருக்கிறது! ஹாங்காங்கிலும் தேநீர்ப் பணமாம். மெக்சிகோவில் 'மோர்டிடா', கடி என்று அர்த்தம். அந்த நாட்டு மெரிடா நகரத்தில்தான் இந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள் என்பது இன்னும் வேடிக்கை. நம்மிடம் மாமூல், கவனிப்பு, கட்டிங், அன்பளிப்பு, கையூட்டு என்று ஒரு அகராதியே இருக்கிறது. ஆபீஸில் யாரும் லஞ்சம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. "பார்த்துச் செய்யுங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

நம் தமிழ்நாட்டுக்காரர் கே. சந்தானம் தலைமையில் அறுபதுகளில் ஒரு குழு போட்டார்களே, 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்ததே அந்தக் குழுவின் பரிந்துரையில்தான். 'வேகப் பணம்' பற்றி அப்போதே அதில் பேசியிருக்கிறார்கள். தப்பான காரியத்துக்கு இல்லை, சரியான காரியம் சீக்கிரம் நடப்பதற்குக் கொடுக்கிற காசு. அந்தப் பெரியவர் கொடுத்தது அதுதான். அவருக்கு உரிமையான காகிதத்துக்கு.

இன்னொன்று. 2018இல் நம் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கினார்கள். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்துவிட்டால் தப்பிக்கலாம். இந்த 7 நாள் கணக்கு நம் வீதியில் யாருக்காவது தெரியுமா என்று பால்காரரிலிருந்து வக்கீல் வீட்டம்மா வரை கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் உடன்படிக்கை ஆறு மொழிகளில் இருக்கிறது, அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். தமிழும் இல்லை, அந்தக் கென்யாக்காரரின் சுவாஹிலியும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், உங்கள் உங்கள் பாஷையில் எழுதிப் பாருங்கள். பால்காரருக்குப் புரிகிற மாதிரி.

அது முடியாத காரியம் இல்லை. சென்னையில் ஐந்தாவது தூண் என்று ஒரு அமைப்பு 2007இல் பூஜ்ய ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. லஞ்சம் கேட்டால் இதைக் கொடு என்று. தமிழிலும் இருந்தது. ஒன்றை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். பண்ணாரி பெயரைச் சொல்லி 21 வருஷம் ஓட்டியவளுக்கு, அந்த ஒரு காகிதத்தைச் சுட்டிக்காட்டிப் பேச முடிந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதைப் பார்த்து, "மேடம், எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அன்றைக்குத்தான் அந்தப் பெரியவர் விஷயத்தை முதல்முறையாக ஒருத்தியிடம் சொன்னேன்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பயிற்சி என்றால் மேலே இருப்பவர்கள்தான் போவார்கள். போய்விட்டு வந்து ஃபிரேம் போட்டுச் சான்றிதழை மாட்டுவார்கள். ஆறு மாசத்தில் சம்பந்தமே இல்லாத இடத்துக்கு மாற்றல் வந்துவிடும். கவர் கைமாறுவது என்னவோ தபால் பிரிவுக்கும் ரெக்கார்ட் ரூமுக்கும் நடுவில். அங்கே உட்கார்ந்திருக்கிறவளுக்கு லக்ஸன்பர்க் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நீ திரும்பி வந்தால், உன்னை எங்கே போட்டாலும், வாரத்தில் ஒரு நாள் அவளிடம் போய் உட்கார்.

பார்சலில் பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் வைத்திருக்கிறேன். அந்தக் கென்யாக்காரருக்கும் இரண்டு கொடு. கொடுக்கும்போது, அவர் ஊரில் யாராவது வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்க வேண்டுமென்றால் என்ன சொல்லுவார்கள் என்று மறக்காமல் கேட்டு எழுது. சாமி பெயரைச் சொன்னால் அங்கேயும் விட்டுவிடுவார்களா?

உன்
அம்மா