நோபிள் இல்லாத ஒஹாயோ

கொலம்பஸ், ஒஹாயோ
மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மார்ச் பாதி ஆகியும் பனி விட்டபாடில்லை. சம்பாதிப்பதையெல்லாம் பழைய காகிதத்தில் போடுகிறேன் என்று அம்மா போனில் வருத்தப்பட்டாள். அவளுக்கு எப்படிப் பதில் சொல்வதென்று தெரியவில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்த உங்களுக்கு எழுதினால் புரியும். நீங்கள் அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நான் சேர்ப்பது பழைய வரைபடங்கள். எல்லா மாநிலங்களுக்கும் ஆசைப்படவில்லை, குடியிருக்கும் ஒஹாயோ மட்டும் போதும். முதலில் வாங்கியது, பிலடெல்பியாவில் மிட்செல் என்பவர் பதிப்பித்த அட்லஸிலிருந்து பிரிந்த ஒரு தாள். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. ஒவ்வொரு கவுண்டிக்கும் ரோஜா, பச்சை, மஞ்சள் என்று கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் தூரிகை எல்லைக்கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கவுண்டிக்குள் ஒரு நெல்மணி அளவுக்கு வழிந்திருக்கிறது. அதைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

அடியில் அச்சிட்டிருக்கும் ஆண்டை நம்பக் கூடாது. அது பதிப்புரிமையைப் பதிவு செய்த ஆண்டு. அதே அச்சுத் தகட்டைத் திருத்தித் திருத்திப் பல வருடம் அச்சிடுவார்கள். எல்லைகளைப் பார்த்துத்தான் வயதைச் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தின் 88 கவுண்டிகளில் கடைசியாக உருவானது நோபிள், 1851இல். என் தாளில் நோபிள் இல்லை. அதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை அப்பா.

இரண்டாவது தாளில் ஏமாந்தேன். அசல் என்று சொல்லி ஒரு கடைக்காரர் 90 டாலர் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியை வைத்தால், வண்ணம் முழுவதும் பத்திரிகைப் படம் போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. தூரிகையால் தீட்டிய வண்ணத்தில் புள்ளி வராது. இப்போது உருப்பெருக்கி இல்லாமல் கடைப்படி ஏறுவதில்லை.

இனி உங்களுக்கான செய்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிலம் அளக்க நீங்கள் பிடித்த அதே கன்டர் சங்கிலியைத்தான் இங்கேயும் இழுத்திருக்கிறார்கள். 66 அடி நீளம், லிங்க் என்ற கண்ணிகள் 100. 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் என்று எனக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்தீர்களே, இங்கே ஏக்கரைச் சென்ட்டாகப் பிரிப்பதில்லை. மற்றக் கணக்கெல்லாம் ஒன்றே.

1785இல் ஒரு சட்டம் போட்டு, ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக நிலத்தை வெட்டினார்கள். ஒரு சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 துண்டுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பதினாறாவது துண்டைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்க வேண்டும். குடியேறுபவர்கள் வருவதற்கு முன்பே பள்ளிக்கு நிலம்! அந்த அளவை தொடங்கியது ஈஸ்ட் லிவர்பூல் என்ற ஊரில், தாமஸ் ஹட்சின்ஸ் என்ற அதிகாரியின் தலைமையில். போன மாதம் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாலையோரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஆனால் உண்மையான தொடக்கப் புள்ளி அங்கிருந்து ஆயிரம் அடிக்கு மேல் தெற்கே, இன்று ஒஹாயோ ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்தில் நடும் நம் முச்சந்திக் கற்களைத் தேடி ஆற்றங்கரையில் நீங்கள் அலைந்தது ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் வழியாக ஓடுவது சயோட்டோ ஆறு. 1870களில் வந்த ஒரு கவுண்டி அட்லஸின் தாளை மேசையில் விரித்தால், ஆற்றுக்குக் கிழக்கே நிலமெல்லாம் சதுரங்கக் கட்டம் மாதிரி நேராக இருக்கிறது. மேற்கே ஒரே கோணல். மேற்குப் பகுதியை, சுதந்திரப் போரில் சண்டையிட்ட தன் வீரர்களுக்கென்று வர்ஜீனியா மாநிலம் ஒதுக்கி வைத்திருந்தது. அங்கே அவரவர் நல்ல மண்ணாகப் பார்த்து, இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை வளைவு வரை என்று அளந்துகொண்டார்கள். மரம் விழுந்தால் எல்லையும் போயிற்று, எத்தனை வழக்குகள்! வரப்புத் தகராறு நமக்கு மட்டும் சொந்தமில்லை. தாளில் ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் உடையவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது. சில பெயர்கள் நான் தினமும் போகும் தெருக்களின் பெயர்கள்.

நகரங்களுக்குத் தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக சான்பார்ன் நிறுவனம் வரைந்த படங்கள் உண்டு. 50 அடிக்கு ஓர் அங்குலம். செங்கல் வீடு இளஞ்சிவப்பு, மர வீடு மஞ்சள். வீடு மாறினால் புதுத் துண்டை மேலே ஒட்டிவிடுவார்கள். அவற்றை நூலகத்தில் பார்ப்பதோடு சரி.

பரணில் தகரப் பெட்டிக்குள், தாத்தா காலத்துக் கிராமப் படம் துணியில் ஒட்டியபடி இருக்கிறதல்லவா? தயவுசெய்து அதற்கு செல்லோடேப் போடாதீர்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கிவிடும். மழைக்கு முன் கீழே இறக்கி, பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் தட்டையாக வையுங்கள். வாய்க்கால் திரும்பும் இடத்தில் நீங்கள் பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தீர்கள். அது என்ன எண் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்