திகதியைத் திகதியாகவே வைத்திருங்கள்: வெளிவாரிப் பட்டப்படிப்பு நிலையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும், பரீட்சைக் கிளையின் பிரதிப் பதிவாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வணிகமாணி வெளிவாரிப் பட்டத்தின் இரண்டாம் ஆண்டு இறுதிப் பரீட்சையில், ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த செலவுக் கணக்கீட்டு வினாத்தாள் வேலைநாள் ஒன்றுக்கு மாற்றப்பட்டது பற்றியே இதை எழுதுகிறேன். அறிவித்தல் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, கந்தோர்கள் மூடிய பிறகு, உங்கள் இணையத்தளத்தில் ஏறியது. காரணம் என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்களுக்குக் கிடைத்தது "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற ஒரு வரி. அந்தக் காரணத்தைத் தோண்டுவதற்காக நான் எழுதவில்லை. கேட்பது இவ்வளவுதான்: இறுதிப் பரீட்சை அட்டவணையை ஆறு வாரங்களுக்கு முன்னரே முடிந்த முடிவாக வெளியிடுங்கள், அதற்குப் பிறகு நீங்களே ஒரு திகதியை மாற்றினால், புதிய திகதிக்கு வர முடியாதவரைச் "சமுகமளிக்கவில்லை" என்று பதியாமல், அடுத்த தடவை முதல் தடவையாகவே கட்டணமின்றி எழுத விடுங்கள்.

உங்களிடம் வெளிவாரியாகப் பதிந்திருப்பவர்கள் யார் என்பதை விண்ணப்பப் படிவத்தில் நீங்களே கேட்டு வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஆசிரியர்கள், வங்கி எழுதுவினைஞர்கள், தாதியர், கடைக் கணக்கர்கள், பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகு விட்ட படிப்பை மீண்டும் தொட்ட தாய்மார். நான் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்னைப் போன்றவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் தருகிறது. பிள்ளையின் காய்ச்சல், உறவினர் வீட்டு இழவு, வங்கி அலுவல், கோயில் திருவிழா எல்லாம் அதற்குள்தான் அடங்கவேண்டும். மீதியில்தான் பட்டம். பரீட்சைக்கு முந்திய வெள்ளியையும் சனியையும் படிப்பதற்கென்று கேட்டு வாங்குவது எங்கள் கடையில் சின்ன விடயமல்ல. அந்த இரண்டு நாளும் லொறி வந்து சரக்கு இறங்கும் நாட்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். எங்கள் முதலாளி வரத்தைத் தந்துவிட்டார். அதைப் பறித்தது பல்கலைக்கழகம்.

புதிய திகதியாக நீங்கள் தெரிவு செய்தது மாதத்தின் 20ஆம் திகதி. முந்திய மாதத்துக்கான பெறுமதி சேர் வரியைக் கட்டி முடிக்க வேண்டிய நாள் அது. 2024 ஜனவரியில் அந்த வரி 18 வீதமாக உயர்ந்த பிறகு, கணக்குப் பிரிவில் இருப்பவர் அந்த நாளில் விடுமுறை கேட்பது, வேலையை விடப்போகிறேன் என்று சொல்வதற்குச் சற்றுக் குறைவானது. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் 20ஆம் திகதி என்றால் அது 20ஆம் திகதிதான். பிந்தினால் தண்டம், அதிலும் ஒளிவுமறைவு இல்லை. நாட்டில் பெரும்பாலானவர்கள் அந்தத் திணைக்களத்தைத் திட்டுவார்கள். நானோ அன்றைக்கு, சொன்ன திகதியைச் சொன்னபடி வைத்திருக்கும் ஓர் அரச நிறுவனம் என்று அதை மனதாரப் பாராட்டினேன்.

ஆனால் என் கதை இதில் பெரிதல்ல. கொழும்பில் இருப்பவளுக்குப் போனது ஒரு பஸ் கட்டணம். திகதி மாறியதாம் என்று சனி இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு அடிபட்டது. இதற்கு முன்னரும் அப்படிப் பலமுறை அடிபட்டுப் பொய்யாகியிருந்ததால், நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் பலர் ஞாயிறு காலையில் மண்டபத்துக்கே போய்ப் பார்த்தோம். படலை பூட்டியிருந்தது. கம்பியில் ஒரு தாளைச் செலோடேப்பால் ஒட்டியிருந்தார்கள், சிங்களத்தில் மட்டும். அதன் முன்னால் ஹற்றன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் நின்றார். முதல் நாளே பஸ் ஏறி வந்து, வத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்பி வந்தவர். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அனுமதி அட்டை. பாடசாலை அதிபர் கையொப்பத்தை உறுதிப்படுத்தி முத்திரை குத்திய அட்டை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் வாசித்துச் சொன்னார். ஆசிரியை அழவுமில்லை, ஏசவுமில்லை. காவலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஐயா, இந்த அட்டையில பழைய திகதிதானே அடிச்சிருக்கு. புதுத் திகதிக்கு இதே செல்லுமோ, இல்லாட்டி திரும்பவும் அதிபரிட்டக் கையெழுத்து வாங்க வேணுமோ?" காவலாளிக்கு அது தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியது அவருமல்ல. தெரிந்தவர் எவரும் அன்று அங்கே இல்லை, அறிவித்தலின் அடியில் ஒரு தொலைபேசி இலக்கமும் இல்லை.

அந்த ஆசிரியை பொறுப்பாக இருப்பது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புக்கு. வாரநாளில் கொழும்புக்கு வந்து போவதென்றால் பரீட்சை நாளோடு பயண நாட்களும் சேரும்; அந்த நாட்களில் அவருடைய வகுப்பைப் பார்க்க அந்தப் பாடசாலையில் இன்னோர் ஆசிரியர் இல்லை என்றார். 20ஆம் திகதி அவர் வந்தாரா என்பதை உங்கள் வருகைப் பதிவேடு சொல்லும். என்னால் வர முடியவில்லை.

வராதவர்கள் என்ன செய்யலாம் என்று விசாரிக்கக் கருமபீடத்துக்குப் போனபோது, அங்கிருந்த உத்தியோகத்தர் மிகவும் அன்பாகவே நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். குரலைத் தணித்து, "மெடிக்கல் ஒன்று எடுத்துக் குடுங்கோ மிஸ், அப்ப பிரச்சினை இல்லை" என்றார். நான் அன்று நல்ல சுகமாக இருந்தேன். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் அடுத்த தடவை முதல் தடவையாகக் கணிக்கப்படும். இல்லாவிட்டால் மீளத் தோற்றுபவராகி, எவ்வளவு நன்றாக எழுதினாலும் "சீ" தரத்துக்கு மேல் கிடைக்காது. இதுதான் விதி. அதாவது, திகதியை மாற்றியது நீங்கள், வராதது என் குற்றம், அதிலிருந்து மீள எனக்கு இருக்கும் ஒரே வழி இல்லாத நோயொன்றுக்குக் காசு கொடுத்துக் கடதாசி வாங்குவது. முதலாம் ஆண்டில் வணிக ஒழுக்கநெறி என்றொரு பாடத்தை நீங்களே எங்களுக்குக் கற்பித்தீர்கள். அதில் கேட்கப்பட்ட வினாக்களைவிடக் கடினமான வினா அந்தக் கருமபீடத்தில் கேட்கப்பட்டது. சான்றிதழ் கொடுத்தவர்களை நான் குறைசொல்லவில்லை. வேறு வழி வைக்காத விதியைத்தான் சொல்கிறேன்.

ஒத்திவைப்பு எதையுமே பொறுக்காதவர்கள் அல்ல நாங்கள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது பரீட்சைகள் நின்றன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2022இல் எரிபொருள் வரிசை வீதிக்கு வீதி நீண்டு, மின்சாரம் மணிக்கணக்கில் நின்று, கடதாசி இல்லாமல் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன காலத்திலும் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒப்படை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். நாடே நின்ற போது நாங்களும் நின்றோம். இந்தத் தடவை நாடு நிற்கவில்லை. பஸ் ஓடியது, கடை திறந்தது, வரி கட்டப்பட்டது. பரீட்சைக் கிளை மட்டும் நின்றது.

தூரத்தில் இருந்து பட்டம் படிப்பது இந்த நகரத்துக்குப் புதிய வேலையுமல்ல. லண்டன் பல்கலைக்கழகம் தன் வெளிவாரிப் பட்டங்களை 1858இல் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி சொந்தமாகப் பட்டம் வழங்கியதில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை அங்கே படித்தவர்கள் லண்டனின் வெளிவாரிப் பரீட்சைக்கே அமர்ந்தார்கள். கடல் கடந்து நடத்தப்பட்ட பரீட்சைக்கு இந்த ஊரில் ஒரு தலைமுறையே ஆயத்தமாகித் தோற்றிப் பட்டம் பெற்றிருக்கிறது. ஒரே நகரத்துக்குள், கிளைக் காரியாலயத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு திகதி தொலைந்துபோவதை அந்த வரலாற்றுக்குப் பக்கத்தில் எங்கே வைப்பது?

மாற்றப்பட்ட பாடம் செலவுக் கணக்கீடாக அமைந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. அமையச் செலவு என்பது, ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிட நேர்ந்த அடுத்த சிறந்த தெரிவின் பெறுமதி என்று உங்கள் பாடத்தொகுதி விளக்குகிறது. நிலையத்தின் ஏடுகளில் இந்த மாற்றத்தின் செலவு இணையத்தளத்தில் ஒரு பக்கம். விடுமுறை, பயணம், ஒரு வகுப்பின் பாடநேரம், ஒருவரின் தரப்புள்ளி என்று மீதியெல்லாம் யாருடைய ஏட்டில் பதியப்பட்டதென்று எந்த வினாத்தாளிலும் வராது. முகாமைத்துவத் தாளில் ஹென்றி பயோல் வருவார். முகாமைத்துவத்தின் தொழிற்பாடுகளை 1916இல் ஐந்தாக வகுத்தவர் முதலில் வைத்தது திட்டமிடலை. "திட்டமிடலின் முக்கியத்துவத்தை உதாரணங்களுடன் ஆராய்க" என்ற வினா அடுத்த தடவை வந்தால், உதாரணத்துக்கு நாங்கள் வெளியே எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை.

சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்த அந்தத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. தமிழ்மொழி மூலம் எங்களைப் பதிந்துகொண்டு, தமிழில் கட்டணப் பற்றுச்சீட்டும் தரும் நிலையம், பரீட்சை நடக்காது என்ற செய்தியை மட்டும் தமிழில் சொல்ல மறப்பது எப்படி? தமிழ்ப் பாடத்தொகுதிகள் சிங்களத் தொகுதிகளுக்குப் பல வாரங்கள் பின்னால் வருவதும், ஒப்படைக் கெடு மட்டும் இரு சாராருக்கும் ஒரே நாளாக இருப்பதும், வெளிவாரிப் பட்டம் என்றால் நேர்முகத் தேர்வில் ஒரு மாற்றுக் குறைவாகப் பார்க்கப்படுவதும், அந்தப் பார்வைக்கு நிலையமே தீனி போடுவதும் எல்லாம் இதோடு சேர்ந்தவைதான். எழுதத் தொடங்கினால் முடியாது. அவை எல்லாவற்றையும் இந்த மடலில் தீர்க்கும்படி நான் கேட்கவில்லை. கேட்க வந்தது திகதியைப் பற்றி, அதற்கே திரும்புகிறேன்.

ஆறு வாரம் என்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கல்ல. ஒரு மாதத்துக்கான கடமைப் பட்டியல் அதற்கு முந்திய மாதத்திலேயே எழுதப்படும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கு அதற்குக் குறைந்த காலம் போதாது. வைத்தியசாலையில் தாதியருக்கு முறைமாற்றம், பாடசாலையில் பதில் ஆசிரியர், கடையில் கணக்கு மூடும் நாள் என்று ஒவ்வொருவரும் யாரோ ஒருவரிடம் போய்ச் சம்மதம் கேட்கவேண்டியவர்களாகவே இருக்கிறோம். ஆண்டின் போயா தினங்களும் பொது விடுமுறைகளும் முந்திய ஆண்டிலேயே வெளியாகிவிடுகின்றன. மண்டபமும் மேற்பார்வையாளரும் ஒழுங்கு செய்வதில் உங்களுக்கு இருக்கும் சிரமம் உண்மையானது என்பதை ஏற்கிறேன். எதிர்பாராதது எப்போதாவது நடக்கும் என்பதையும் ஏற்கிறேன். அப்படி நடக்கும்போது அதன் சுமையை மாற்றியவரே ஏற்கவேண்டும், மாற்றப்பட்டவர் அல்ல என்பதே என் வேண்டுகோளின் இரண்டாம் பாதி.

மூன்று ஆண்டுப் பட்டம் என்று பதிந்தவர்கள் உண்மையில் எத்தனையாவது ஆண்டில் வெளியேறுகிறார்கள், எத்தனை பேர் பாதியிலேயே விட்டார்கள் என்பது உங்கள் கோப்புகளில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்கும் வழி எனக்குத் தெரியும். படிக்கும் இடத்தோடு அப்படிப் பழக விருப்பமில்லாததால்தான் முதலில் மடல் எழுதுகிறேன்.

ஆகவே மிகுந்த பணிவோடு மீண்டும் கேட்கிறேன். பரீட்சை அட்டவணையை ஆறு வாரங்களுக்கு முன்னர் இறுதியாக வெளியிடுங்கள். அதற்குப் பிறகு மாற்ற நேர்ந்தால், மாற்றத்தை மூன்று மொழிகளிலும், பதிந்த தொலைபேசி இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாகவும் அறிவியுங்கள். வர முடியாதவரை மருத்துவச் சான்றிதழ் கேட்காமல், கட்டணம் அறவிடாமல், தரத்தைக் குறைக்காமல் அடுத்த தடவை எழுத விடுங்கள். இந்தத் தடவை செலவுக் கணக்கீட்டைத் தவறவிட்ட எல்லோருக்கும் அதை இப்போதே வழங்குங்கள்.

அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தலை விரைவில் வெளியிடுவீர்கள். அதில் இந்த வரிகளைச் சேர்த்தால் எனக்குத் தனியாகப் பதில் எழுதவேண்டியதில்லை. சேர்க்க முடியாதென்றால், ஏன் முடியாது என்பதை ஒரு பொறுப்பான உத்தியோகத்தரின் கையொப்பத்தோடும் தொலைபேசி இலக்கத்தோடும் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் ஆண்டு வெளிவாரி மாணவி ஒருத்தி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.