சட்டையில் யார் பெயர்

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "பார்த்து முடிவு பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பதிலே இல்லை. நாலு நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெர்த்தில் பேரன் கவின் ஆடுகிற சிறுவர் கிரிக்கெட் கிளப்புக்கு மூன்று வருஷத்துக்குச் சட்டை, தொப்பி, பை எல்லாம் வாங்கித்தர ஒரு எரிவாயு நிறுவனம் முன்வந்திருக்கிறது. பதிலுக்குப் பிள்ளைகளின் நெஞ்சில் அவர்கள் பெயர். கமிட்டியில் பொருளாளர் நீ. வேண்டாம் என்று சொல்லத்தான் உனக்கு ஆசை, ஆனால் "நிலக்கரிச் சம்பளத்தில் வளர்ந்த நான் எந்த வாயால் சொல்வது அப்பா?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்விதான் என்னை வாயடைக்க வைத்தது. 31 வருஷம் அனல் மின் நிலையத்தில் இருந்தவன் நான். பாரதீப்பில் இருந்து கப்பலில் வரும் கரி, துறைமுகத்தில் இறங்கி, கன்வேயரில் ஏறி, பாய்லருக்குள் போகிறவரை என் கண் முன்னால்தான் நடந்தது. அதில் வந்த மின்சாரத்தில் ஆஸ்பத்திரி நடந்தது, நீ ராத்திரி படித்தாய். அதற்காக நான் வெட்கப்படவில்லை, நீயும் வெட்கப்பட வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் என் சட்டையை மற்ற துணியோடு சேர்க்காமல் அம்மா தனியாக ஊறவைப்பாளே, நினைவிருக்கிறதா? கரித்தூசி உன் பள்ளிச் சீருடையில் ஒட்டக்கூடாது என்று. அந்தச் சட்டையைப் போட்டது நான். உன்னைப் போட வைக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18-ஐ நீ அங்கிருந்து டிவியில்தான் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி முழுக்கத் தண்ணீர், மின் நிலையத்துக்குள்ளும் புகுந்தது. ஒரு மழைக்கு ஒரே காரணம் என்று கிடையாது. ஆனால் கரியும் எரிவாயுவும் எரிக்க எரிக்கப் பூமியின் காற்று சூடாகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமாக நீராவியைத் தாங்கும், அதைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். பாய்லர் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் ஊரிலும் பார்த்தாயே. 2022 ஜனவரியில் பெர்த்தில் தொடர்ந்து 6 நாள் 40 டிகிரிக்கு மேல். அதே மாதம் 13-ஆம் தேதி உங்கள் மாநிலத்து ஆன்ஸ்லோவில் 50.7. ஆபீசில் இருப்பவர் ஏசி போட்டுக்கொள்ளலாம். மைதானத்தில் நிற்கிற பிள்ளை எங்கே போகும்? 2019 டிசம்பர் 21-ஆம் தேதி கான்பெராவில் சிட்னி தண்டரும் அடிலெய்ட் ஸ்ட்ரைக்கர்ஸும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைக் காட்டுத்தீப் புகையால் பாதியில் கைவிட்டார்கள். மழை வந்து ஆட்டம் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பந்து தெரியாத அளவுக்குப் புகை வந்து நின்றது எனக்குப் புதிது.

சரி, அந்த நிறுவனம் ஏன் பணம் கொடுக்கிறது என்று யோசித்துப் பார். 2022, 2023 ஐபிஎல்லில் அதிக ரன் எடுத்தவருக்கு ஆரஞ்சுத் தொப்பி கொடுத்தார்களே, அதன் மேல் அராம்கோ என்று இருந்தது. சவுதி அரேபியாவின் எண்ணெய் நிறுவனம். நம் தெருவில் யாராவது கடைக்குப் போய் "ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் கொடுங்க" என்று கேட்கப் போகிறோமா? சோப்பு விற்கிறவன் விளம்பரம் செய்தால் சோப்பு விற்கும். இவர்கள் மைதானத்தில் எதையும் விற்கவில்லை, நல்ல பேரை வாங்குகிறார்கள். உங்கள் வடமேற்கு ஷெல்ஃப் எரிவாயு ஆலையை 2070 வரை ஓட்டிக்கொள்ள 2025 செப்டம்பரில் அரசு அனுமதி கொடுத்தது. இப்படி அனுமதி கேட்டு நிற்கும்போது ஊரில் யாரும் முகம் சுளிக்காமல் இருந்தால் எவ்வளவு வசதி! அதற்குத்தான் அந்தச் சட்டைப் பணம் என்பது என் எண்ணம்.

இதை நாம் ஒரு தடவை பார்த்தாயிற்று. 1996 உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. உனக்கு ஏழு வயசு. "வில்ஸ் என்றால் என்னப்பா?" என்று கேட்டாய். சிகரெட் என்றேன். "சச்சின் அதைக் குடிப்பாரா?" என்றாய். இல்லவே இல்லை என்று பதறிப்போய்ச் சொன்னேன். வீட்டில் சிகரெட் பெட்டியே பார்க்காத பிள்ளைக்கு அதன் பெயரைக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்துவிட்டது. அப்புறம் 2003-இல் சட்டம் வந்து புகையிலைப் பணத்தை விளையாட்டில் இருந்து விலக்கினார்கள். கிரிக்கெட் அழிந்தா போனது?

சச்சின் தன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் புகையிலை விளம்பரத்தில் நடிக்கவே இல்லை. ஆனால் அந்த நாளில் இந்திய அணியின் சட்டையில் இருந்ததும் வில்ஸ்தான். மட்டையில் என்ன ஒட்டலாம் என்பது ஆட்டக்காரன் கையில் இருக்கும், சட்டையில் என்ன எழுதலாம் என்பது வாரியத்தின் கையில் இருக்கும். உங்கள் ஆஸ்திரேலியக் கேப்டன் பாட் கம்மின்ஸ் பாவம், அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். நிலக்கரி மின் நிலையம் வைத்திருக்கும் அலின்டா நிறுவனத்தோடு அணிக்கு ஒப்பந்தம் இருந்தபோது தன் தயக்கத்தை வாரியத்திடம் சொன்னார். ஒப்பந்தம் 2023-க்கு மேல் தொடரவில்லை. அவர் சொன்னதால் அல்ல என்றுதான் வாரியம் சொன்னது. "நீ விமானத்தில் பறப்பதில்லையா?" என்று அவரை எத்தனை பேர் ஏசினார்கள்! கேப்டனுக்கே அந்தக் கதி. 2024 அக்டோபரில் 100-க்கும் மேற்பட்ட பெண் கால்பந்து வீராங்கனைகள் அராம்கோவோடு சேராதீர்கள் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒப்பந்தம் மாறாமல் அப்படியே தொடர்ந்தது.

அவர்களுக்கெல்லாம் மேலே ஒரு வாரியம் இருந்தது. உங்கள் கிளப்பில் வாரியமே நீயும் இன்னும் ஆறேழு பேரும்தான் அம்மா. கம்மின்ஸால் முடியாததை நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் செய்துவிடலாம். "நீ கார் ஓட்டுவதில்லையா?" என்று உன்னையும் கேட்பார்கள். ஓட்டுகிறேன், பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறேன், என் பிள்ளையின் நெஞ்சையும் சேர்த்துக் கொடுக்க முடியாது என்று சொல். கோபப்படாமல் சொல். அங்கே சுரங்கத்திலும் எரிவாயுவிலும் வேலை பார்க்கிற அப்பாக்கள் இருப்பார்கள். அவர்கள் என்னைப் போன்றவர்கள், அவர்கள் முகம் வாடும்படி ஒரு வார்த்தை வந்துவிடக்கூடாது.

பணத்துக்கு என்ன வழி என்பார்கள். நியாயமான கேள்வி. உங்கள் மாநிலத்தில் சிகரெட் பணத்தை விலக்கியபோது வெறுங்கையோடு விடவில்லை. 1991-இல் ஹெல்த்வே என்று ஒரு அமைப்பு வைத்து, புகையிலை வரியில் இருந்தே கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். அப்படி ஏதாவது மானியம் கிடைக்குமா என்று விசாரி. பல் டாக்டர், ரொட்டிக்கடை, நீ அரிசி வாங்கும் இலங்கைக்காரர் கடை, எல்லாரிடமும் கேள். மூன்று வருஷத்துக்கு வேண்டாம், ஒரு வருஷத்துச் சட்டைக்கு மட்டும் கேள்.

முதல் ஐந்து சட்டைக்கு நான் பென்ஷனில் இருந்து அனுப்புகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் ஆறு என்கிறாள். பெயர் எதுவும் போட வேண்டாம். மாப்பிள்ளையிடம் கலந்துகொண்டு, செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, விழித்திருப்பேன்.

கவினுக்கு இப்போது என்ன அளவு என்று மறக்காமல் எழுது. போன தடவை வந்தபோது எடுத்தது 28.

அன்புடன்,
அப்பா