எங்கள் வேடியப்பன் கல்லைத் திருப்பித் தாருங்கள்

வட்ட அலுவலகத்து அதிகாரிகளுக்கும் சாலை வேலையைப் பார்த்த பொறியாளர் ஐயாவுக்கும் வணக்கம்.

எந்தக் கல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் ஏரிக்கரை வளைவை அகலப்படுத்தியபோது ஜேசிபியால் பெயர்த்து, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போன எங்கள் வேடியப்பன் சாமி கல். வேலை முடிந்ததும் வந்துவிடும் என்று சொன்னீர்கள். கார்த்திகையிலேயே தார் போட்டாகிவிட்டது. பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது. கல் மட்டும் வரவில்லை.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பாட்டியின் பசு கன்று போட்டது. எங்கள் ஊரில் சீம்பால் முதலில் வேடியப்பனுக்கு, அப்புறம்தான் வீட்டுக்கு. பாட்டிக்கு எண்பது வயது இருக்கும். சொம்பில் பாலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். அங்கே ஜல்லிதான் கிடந்தது. எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றிருக்கிறார். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல், அன்று கறந்த பாலோடு பேருந்து ஏறி உங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பின்பக்கம், பறிமுதல் செய்த மணல் வண்டிகளுக்கு நடுவே, கல் குப்புறக் கிடந்ததாம். அதன் மேல் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்களாம். ஒரு கை பால் ஊற்றிக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, ஆபீசில் இதெல்லாம் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்தபோது பால் திரிந்திருந்தது. அதைக் கீழே கொட்டவும் மனம் வராமல் சொம்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

கல்லைக் கொடுத்துவிடுங்கள் ஐயா.

திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்தில் வேடியப்பன் என்று நாங்கள் கும்பிடுவது பெரும்பாலும் நடுகற்களைத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆநிரையை ஓட்டிச் சென்றவர்களோடு சண்டை போட்டு, மாட்டை மீட்டு, உயிரை விட்டவனுக்கு ஊர் எடுத்த கல். எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்துச் செத்த கருந்தேவக்கத்தியோடு, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் அதில் செதுக்கிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். 1400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக்கூட மறக்கக் கூடாது என்று நினைத்த மண் இது. எங்கள் கல்லில் வட்டெழுத்து தேய்ந்துபோய் ஆளின் பெயர் தெரியவில்லை. கல்லெழுத்தை மை ஒற்றித் தாளில் படி எடுக்க வந்த பேராசிரியர் ஒருவர் 'தொறு மீட்டுப் பட்டான்', அதாவது மாட்டு மந்தையை மீட்டு உயிரை விட்டான், என்பதை மட்டும் விரலால் தடவிப் படித்துக் காட்டினார். எங்கள் ஊருக்கு எழுத்தில் இருக்கும் வரலாறு அந்த மூன்று சொல்தான். அதுதான் இப்போது மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது.

வரப்புத் தகராறு வந்தால் அந்தக் கல்லின் முன்னால்தான் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்வோம். கல்யாணப் பத்திரிகை முதலில் அதன் காலடிக்குத்தான் போகும். இந்த மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, வழக்கம்போல ஏரிக்கரைக்கு ஓட்டிப் போனோம். போன பிறகு எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

நடுகல் என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளிடம் போட்டித் தேர்வில் கேட்கிறீர்கள். அவர்களும் படித்து எழுதுகிறார்கள். ஊரில் இருந்த நடுகல் எங்கே என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் யார் பதில் சொல்வது? ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரண்டு கிராம சபையிலும் தீர்மானம் போட்டு அனுப்பினோம். மனு கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட இல்லை. ஏரி மதகு, சுடுகாட்டுப் பாதை என்று நாங்கள் எழுதிய எதற்குத்தான் பதில் வந்தது? சரி, அதையெல்லாம் இன்று பேசவில்லை. கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய இடமே வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. சாலையிலிருந்து பத்தடி தள்ளி, புளியமரத்தடியில் ஊர்ப் பொது இடம் இருக்கிறது. மேடை கட்டிவிட்டோம். டிராக்டர் வாடகையும் ஆள்கூலியும் எங்களுடையது. நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மாசி பிறப்பதற்குள் கல்லைக் கொடுத்துவிடுங்கள் என்று ஊர் சார்பில் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். இன்றே நாலு பேரை விட்டுக் கல்லைத் திருப்பி, எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். அதன் மேல் எதையும் சாய்க்க வேண்டாம்.