அப்பாவின் விருப்பத்தை நிறைவேற்றித் தந்த சகோதரிக்கு நன்றி

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்த அன்றிரவு, மருத்துவமனையில் எங்களுக்குத் துணையாக நின்று, பெயரைக்கூடச் சொல்லாமல் சென்றுவிட்ட சகோதரியே, உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

விடியலில் வழிபாடு, பகலில் பிள்ளைகளுக்கான உழைப்பு, மாலையில் முதியவர்களுக்கு மருந்து வாங்கித் தருவது, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது என்று வாழ்ந்த அப்பா, தொண்டினையும் வழிபாட்டின் தொடர்ச்சியாகவே கருதியவர். தம் கண்களைத் தானம் செய்ய வேண்டும் என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருந்தார். துயரத்தில் நாங்கள் உறைந்து நின்றபோது, நீங்கள்தான் கண்வங்கியை அழைக்கச் செய்தீர்கள். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தீர்கள். இறப்புக்குப் பின் சுமார் 6 மணி நேரத்துக்குள் கருவிழிகளை எடுத்துவிட வேண்டும் என்பதால், உங்கள் விரைவு எத்தனை பெரிய உதவி என்பதை இப்போது நன்கு உணர்கிறோம்.

முதுமையோ கண்ணாடி அணிந்திருந்ததோ தடையல்ல, முகம் சிதையாது என்று அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு நீங்கள் சொன்ன பொறுமையை என்னால் மறக்க இயலாது. இந்தப் பதிவைக் காண நேர்ந்தால், ஒருமுறை எங்கள் இல்லத்துக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுகோள்.