மாசி ஓட்டத்துக்கு நன்கொடை கேட்கிறோம். கிலோமீட்டர் கணக்கில் வேண்டாம்

அன்புடையீர், வணக்கம்.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வட்டாரத்தில் பெரிய நோய் கண்டு, சிகிச்சை முடித்து, மறுபடி நடமாடத் தொடங்கியிருக்கும் நாற்பது பேர் வரும் மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை ஓடப்போகிறார்கள். பாதிக்கு மேல் புற்றுநோய் கண்டவர்கள். மற்றவர்கள் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இப்போது சிகிச்சை பெறும் முப்பது குடும்பங்களின் தங்கும் செலவுக்காக இந்த ஓட்டம். மொத்தம் ரூ.5,80,000 தேவை.

பணம் எங்கே போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி.க்கு தமிழ்நாடு, கேரளம் என மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாகப் போனால் செங்கோட்டையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதென்றால் ஒருநாள் அலைச்சலோடு போய்விடும். கரண்டு வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, அப்படியல்ல. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரமும் ஆகலாம், ஏழு வாரமும் ஆகலாம். மேசையில் படுத்திருப்பது சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்காக மலைச் சாலையில் தினம் போய்வர அந்த உடம்பால் முடியாது. எனவே மெடிக்கல் காலேஜ் பக்கம் அறை எடுக்க வேண்டும். இன்றைய நிலவரத்தில் அறைக்கு 450, இரண்டு பேர் சாப்பாட்டுக்கு 350, ஆக நாளுக்கு 800 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். ஐந்து வாரத்துக்கு 28,000. அதில் பாதி, 14,000, ஒரு குடும்பத்துக்கு. முப்பது குடும்பத்துக்கு ரூ.4,20,000.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அட்டை பார்ப்பது ஆஸ்பத்திரி பில்லை. லாட்ஜ் வாடகையை அல்ல. போதாக்குறைக்கு இந்த எல்லையில் இன்னொரு சிக்கல். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1970-களில் தொடங்கப்பட்ட ரப்பர் தோட்டங்கள் குளத்துப்புழைப் பக்கம் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு கேரளத்தது. இந்தப் பக்கத்தவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கார்டு. திட்டங்கள் கார்டு பார்த்துப் பிரிகின்றன. இந்தப் பணத்துக்கு எந்தக் கார்டும் கேட்க மாட்டோம். ஆஸ்பத்திரி கொடுத்த சிகிச்சைத் தேதிச் சீட்டு போதும்.

ரயில் கட்டணத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை, காரணம் இருக்கிறது. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் ரயில்வே முழுச் சலுகை தருகிறது. துணைக்குப் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி கவுன்டரில் காட்ட வேண்டும். பலர் முதல் தடவை வெறும் டிஸ்சார்ஜ் சீட்டோடு போய்த் திரும்பிவருகிறார்கள். படிவம் நிரப்பித் தர எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு உங்கள் பணம் தேவையில்லை.

மீதி ரூ.1,60,000 ஓட்டத்துக்கானது. அதையும் நோயாளிகளுக்கே கொடுத்துவிடலாமே என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். இந்த நாற்பது பேரும் நோய் கண்ட நாளிலிருந்து வாங்கியே பழகியவர்கள்: யாரோ கொடுத்த ரத்தம், மதினி போட்ட லீவு, மைத்துனர் அடகு வைத்த நகை. சிகிச்சை முடிந்த பிறகும் வீட்டில் அவர்களை ஒரு குடம் தண்ணீர் எடுக்க விடுவதில்லை. "நோய் கண்ட உடம்பு, ஆடாமல் அசையாமல் இரு" என்பது பாசத்தில் சொல்வது. ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் தசை கரையும், மூச்சு குறையும், களைப்பு கூடும். இன்னொருவர் அறை வாடகைக்காக ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றால் எழுந்துவிடுகிறார்கள். தனக்காக மட்டும் என்றால் பத்து நாளில் நின்றுபோகிறது.

மருத்துவ ஆதாரமும் உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. மூன்று வருஷம் வழிகாட்டுதலோடு உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாம் வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83.2. இது பெருங்குடல் புற்றுநோய்க்கான கணக்கு. ஓடினால் எந்தப் புற்றும் திரும்பாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்களும் அப்படிச் சொல்லி வசூல் செய்யவில்லை.

ஓட்டச் செலவில் முதலாவது பரிசோதனை. ரத்தப் பரிசோதனை நாற்பது பேருக்கும், தலைக்கு 350: ரூ.14,000. சிவப்பு மருந்து ஏற்றியவர்கள், இடது மார்பில் கரண்டு வைத்தவர்கள், இதய நோயாளிகள் என்று பதினெட்டு பேருக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன், தலைக்கு 1,800: ரூ.32,400. டாக்ஸோரூபிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்து இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடும். அது வருஷங்கள் கழித்தும் தெரியவரலாம். எக்கோ பார்க்காமல் ஓடவிடுவதில்லை. புற்று எலும்புக்குப் பரவியவர்களுக்கு ஓட்டம் கிடையாது, முறிவு அபாயம். அவர்களுக்கும் அதே நம்பர் துணி உண்டு. டாக்டர் அனுமதித்தால் நடப்பார்கள், இல்லையென்றால் சுற்று எண்ணும் மேசையில் உட்காருவார்கள்.

ஷூ நாற்பது ஜோடி, ரூ.60,000. இதில்தான் பேரம் பேசச் சொல்கிறார்கள், நாங்கள் மறுக்கிறோம். பாக்லிடாக்செல், வின்கிறிஸ்டின் போன்ற புற்று மருந்துகளால் பாதம் மரத்துப்போயிருக்கும். கொப்புளம் வந்தாலும் தெரியாது, உடைந்து சீழ் வைத்த பிறகுதான் தெரியும். ஷூவைச் சாயங்காலம் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும், அப்போதுதான் பாதம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும். ஓடி வந்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பழைய ஷூ தயவுசெய்து தராதீர்கள். அதன் அடிப்பாகம் வேறொருவர் பாதத்துக்கு அமுங்கியிருக்கும்.

பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு நாள், பன்னிரண்டு வாரம், ஒரு நாளைக்கு 1,000: ரூ.24,000. கார்த்திகையில் தொடங்குகிறது. முதல் மூன்று வாரம் நடை மட்டும், வாரம் மூன்று நாள், இருபது நிமிஷத்திலிருந்து முப்பது வரை. நாலாவது வாரம் முதல் நாலு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் மெல்லோட்டம், இப்படி ஆறு சுற்று. ஏழாவது வாரம் மூன்றுக்கு இரண்டு. பத்தாவது வாரம் இரண்டுக்கு மூன்று. கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுகிறோம். ஓடாத நாட்களில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக இரண்டு முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது அதே கணக்கு. பெரும்பாலும் கெட்டுப்போவது ஐந்தாவது வாரத்தில். உடம்பு தெம்பாகிவிட்டது என்று ஆள் தானாக இரட்டிப்பாக ஓடுவார், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும், பத்து நாள் படுக்கை. வேகத்துக்கு எங்கள் அளவு ஒன்றுதான்: ஓடும்போது பேச வர வேண்டும், பாட வரக்கூடாது. கைக்கடிகாரத்தின் நாடித்துடிப்பை இதய நோயாளிகள் நம்ப வேண்டாம். பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பைக் கீழேயே பிடித்துவைத்திருக்கும், மூச்சு வாங்கினாலும் எண் ஏறாது. மார்பக அறுவை ஆனவர்களுக்கு அந்தப் பக்கத்து வளையல் இறுகுவது கை வீக்கத்தின் முதல் அடையாளம். இறுகினால் அன்றே சொல்ல வேண்டும். உடம்புச் சூடு 100.4 டிகிரி தொட்டால் பயிற்சி இல்லை, ஆஸ்பத்திரிதான்.

ஓட்ட நாளுக்கு ரூ.29,600: ஆம்புலன்ஸ், தடுப்புகள், தண்ணீர், நம்பர் துணி, மைக். ஐந்து கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என இரண்டு பிரிவு. இரண்டுமே ஒரு கிலோமீட்டர் வட்டத்தைச் சுற்றுவதுதான். இரண்டரை போய் இரண்டரை திரும்பினால், தள்ளாடுபவர் கடைக்கோடியில் மாட்டிக்கொள்வார். வட்டத்தில் யாரும் ஆம்புலன்ஸிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போவதில்லை. புளியரை எஸ் வளைவுப் பக்கம் அழகுதான், ஆனால் பாரம் ஏற்றிய லாரிகள் ஏறும் சாலையில் இவர்களை விட முடியாது. கார்த்திகை, மார்கழி, தையில் சபரிமலை வண்டிகள். ஆனி, ஆடியில் சாரல், வழுக்கும் தார். சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். மாசிதான் மிஞ்சியது.

இப்போது கிலோமீட்டர் கணக்கு. "சுற்றுக்கு நூறு ரூபாய் தருகிறேன்" என்று உற்சாகமாக வாக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அதை ஏற்க மாட்டோம். மூன்றாவது சுற்றில் நெஞ்சு இறுகும்போது, நின்றால் யாருக்கோ பணம் குறையும் என்று ஓடுகிறவருக்குத் தோன்றக்கூடாது. டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞர் எலும்புப் புற்றில் வலது காலை இழந்த பின் செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12-ல் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்தினார். மேற்குக் கரை சேரவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அவர் கேட்டது கனடியருக்கு ஆளுக்கொரு டாலர். நின்ற பிறகுதான் பணம் பெருவாரியாகச் சேர்ந்து, 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலரைத் தாண்டியது. நீங்களும் ஒரு தொகையை முன்பே எழுதிவிடுங்கள், ஓடுபவர் முதல் சுற்றிலேயே உட்கார்ந்தாலும் அதுதான் தொகை. ஒவ்வொரு ஓட்டக்காரரிடமும் மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டு இருக்கும். ஐம்பது ரூபாயும் அதில் பெயரோடு ஏறும்.

டி-சர்ட், மெடல், கேடயம் கிடையாது. டி-சர்ட்டில் விளம்பரம் போட வருபவர்களுக்கும் இதே பதில்.

வரிவிலக்குக்கான 80ஜி பதிவு எங்களிடம் இல்லை, அதை எதிர்பார்த்துத் தர வேண்டாம். வளைகுடாவில் இருப்பவர்கள் இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களானால் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் சட்டப்படி நாங்கள் வாங்க முடியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். கணக்கை மூன்று பேர் நடத்துகிறோம். காசோலைக்கு இருவர் கையெழுத்து. எந்தச் செலவுக்கு உங்கள் பணம் என்பதை ரசீதிலேயே குறிக்கலாம்: அறை வாடகைக்கு என்றால் ஷூவுக்குப் போகாது.

பொருளாகத் தருபவர்களுக்கு: கதலி அல்லது நாட்டுப் பழம் ஆறு தார், ஒரு லிட்டர் பொட்டலமாக ஓ.ஆர்.எஸ். நூறு, இருபது லிட்டர் கேன் பன்னிரண்டு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிக் கெடுதல் செய்யும், அதனால் கலக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். உப்பு குறைக்கச் சொல்லியிருக்கும் இதய நோயாளிகளுக்கு வெறும் தண்ணீர் மட்டும். குளிர்பானம் வேண்டாம்.

ஐப்பசி முடிவதற்குள் ரூ.1,06,400 சேர்ந்தால்தான் பரிசோதனையும் ஷூவும் முடிந்து கார்த்திகையில் பயிற்சி தொடங்கும். சேரவில்லையென்றால் ஓடுபவர் எண்ணிக்கையைக் குறைப்போம். எக்கோவைக் குறைக்க மாட்டோம். ஓட்டம் முடிந்த மூன்றாம் ஞாயிறு வரவு செலவு முழுவதும் வாசிக்கப்படும். நோட்டில் பெயர் உள்ள யாரும் வந்து கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓட்டக் குழுவினர்,
செங்கோட்டை – ஆரியங்காவு வட்டாரம்