எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நன்றி

ஆண்டவர் இயேசுவில் அன்புக்குரிய எங்கள் ஊர் மக்களுக்கும், பங்குத்தந்தைக்கும், அருட்சகோதரிகளுக்கும், வெளியூர்களிலிருந்து வந்து எங்களைத் தாங்கியவர்களுக்கும் வணக்கம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் அடித்தபோது என் கணவர் தங்கல் தொழிலில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் வேலையில் இருந்தார். கரையில் எச்சரிக்கை வந்த நேரத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துப் போட்டுகள் பல, சேதி எட்டாத ஆழ்கடலில் கிடந்தன. அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத வீட்டில் ஆறுதல் சொல்வது லேசான காரியம் அல்ல. போய்விட்டார் என்றும் சொல்ல முடியாது, வந்துவிடுவார் என்றும் சொல்ல முடியாது. அப்படியும் வந்தீர்கள்.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் அடையாளம் தெரியாத உடல்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டபோதெல்லாம் என் தம்பியோடு போன இளைஞர்களே, மரபணு சோதனைக்கு என் மகனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. பிணவறைகளில் பார்த்ததை நீங்கள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் நம் அன்பியத்து அக்காமாரே, சாயங்காலம் ஆனால் செபமாலை சொல்ல வந்துவிடுவீர்கள். நான் வாய் திறக்காமல் இருந்தாலும் எனக்கும் சேர்த்து நீங்களே சொன்னீர்கள்.

"கடவுள் சித்தம்" என்று பலர் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனாலும் எனக்கு எரிந்தது. ஃபாதர், நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. தன் சகோதரன் இலாசர் இறந்தபோது, நீர் இங்கே இருந்திருந்தால் என்று மார்த்தா இயேசுவிடமே குறைப்பட்டதை எடுத்துச் சொன்னீர்கள். இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகும்போது அவரும் அழுதார். கோபத்தோடும் செபிக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி பூசைக்கு வந்தேன்.

கொட்டில்பாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ஒன்றும் பேசாமல் என் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார். போகும்போது மட்டும், "சாப்பிடு மக்களே, நீ சாப்பிட்டாத்தான் பிள்ளைகளும் சாப்பிடும்" என்றார். யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் ஆறுதல் தந்தார்கள். வாய் திறந்த பிறகே கெடுத்தார்கள். துன்பத்தில் நமக்குக் கிடைத்த ஆறுதலால்தான் மற்றவர்களைத் தேற்றுகிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, அந்த அம்மாவின் கையில் எனக்குப் புரிந்தது.

மார்த்தாண்டம் பக்கமிருந்து அரிசியும் பருப்பும் கொண்டுவந்த சி.எஸ்.ஐ. சபையாருக்கும், பிள்ளைகளுக்கு ராத்திரியில் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கும், மனு எழுதித் தந்த அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம், கல்லறைத் திருநாள். நவம்பர் 2 அன்று எல்லோரும் அவரவர் கல்லறையில் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றும்போது, எங்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில் எங்களை நிற்கவைத்து, உங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குக் கொண்டுவந்த பூவில் பாதியை அங்கே வைத்தீர்கள். வருஷம் தவறாமல் இன்றும் வைக்கிறீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நானும் சிஸ்டரோடு துக்க வீடுகளுக்குப் போகிறேன். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடு என்றால் முதல் ஆளாகப் போய்விடுவேன். உங்கள் பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.

வருகிற நவம்பர் 30 அன்று அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். எல்லோரும் வாருங்கள். பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது.

கிறிஸ்துவின் அன்பில்,
தூத்தூர்ப் பக்கத்து மீனவர் குடும்பம் ஒன்று